அரை லிட்டருக்கு இரண்டு கிளாஸ்

போன வாரம் எங்கள் ஆபீசில் காணாமல்போன கோப்பைப் பற்றி எழுதியிருந்தேன். நான்கு பேர் ஆறுதல் சொல்லிக் கடிதம் போட்டிருக்கிறார்கள். கோப்பு அப்போதே கிடைத்துவிட்டது, யாரும் வருத்தப்பட வேண்டாம். இந்த வாரம் சொல்லப்போவது, எங்கே தேடினாலும் கிடைக்காத ஓர் ஆளைப் பற்றி.

ஒரு சனிக்கிழமை. நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும். திருவனந்தபுரம் கரமனையில், இரண்டாவது மாடியில் இருக்கும் என் ஃபிளாட்டின் சமையலறையில் நின்று, கல்லாக உறைந்த ஒரு பால் பாக்கெட்டைச் சப்பாத்திக் கட்டையால் அடித்துக்கொண்டிருக்கிறேன். ப்ரீசரில் உயரமான இரண்டு கண்ணாடிக் கிளாஸ்கள் குளிர்ந்துகொண்டிருக்கின்றன. ஹாலில் என் தங்கை சொர்ணம், நாகர்கோவிலிலிருந்து ரயிலில் வந்த களைப்பு தீர ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறாள்.

"எக்கா, லலிதா டீச்சர் எப்ப வருவாவ?"

"நாலு மணிக்குத்தாம்ட்டி. ஒருநாளும் லேட்டாவ மாட்டாவ."

"கீழ் வீடு பூட்டிக் கெடக்கே? நான் ஏறி வரும்போ பாத்தேன்."

"பூட்டிட்டு கடைக்குப் போயிருப்பாவ" என்று சொல்லிவிட்டுக் கட்டையால் இன்னும் இரண்டு போடு போட்டேன். சத்தம் இருந்தால் கேள்வி வராது.

லலிதா டீச்சர் ஒருநாளும் லேட்டாக மாட்டார் என்பது உண்மைதான். அப்படி ஒருவர் இருந்தால்தானே லேட்டாவதற்கு! அவர் என் கற்பனை. பத்து மாதமாகத் தினமும் மாலை நான்கு மணிக்கு என் வீட்டுக்கு வந்து சாக்லேட் மில்க்‌ஷேக் குடித்துவிட்டுப் போகும் அந்த டீச்சரைப் பார்க்கத்தான் சொர்ணம் ரயிலேறி வந்திருந்தாள்.

எல்லாம் இந்தப் பாக்கெட்டால் வந்தது

திருவனந்தபுரத்தில் ஜூஸ் கடைக்குப் போனவர்களுக்குத் தெரியும். இங்கே ஷேக் என்றால் ஐஸ் போட்டு அடிப்பது இல்லை. பால் பாக்கெட்டை அப்படியே ப்ரீசரில் போட்டு உறைய வைத்து, அதை உடைத்து மிக்சியில் அடிப்பார்கள். தண்ணீர் ஒரு சொட்டு சேராது. கிளாஸில் ஊற்றினால் ஸ்பூன் நட்டு வைத்ததுபோல் நிற்கும்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் ரம்யா, சொர்ணத்தின் ஒரே மகள். இங்கே காலேஜில் இடம் கிடைத்து மூன்று வருடம் என்னோடு தங்கியிருந்தாள். எனக்குக் கல்யாணம் நடக்கவில்லை என்பதும் அதற்கான காரணங்களும் முந்தைய அத்தியாயங்களில் வந்துவிட்டன, அதற்குத் தேவையான அளவு அழுதும் ஆகிவிட்டது. ஆகவே, நாற்பது வயதுக்குப் பிறகு என் வீட்டில் என்னைத் தவிர ஒரு பல்துலக்கும் பிரஷ் இருந்தது அந்த மூன்று வருடம்தான் என்று மட்டும் சொல்லி மேலே போகிறேன்.

உறைந்த பாலில் ஒரு சிக்கல் உண்டு. அரை லிட்டர் பாக்கெட்டை உடைத்தால் முழுவதையும் அடித்தாக வேண்டும். பாதியை எடுத்துக்கொண்டு மீதியை வைக்க முடியாது. உருகிய பாலை மறுபடி உறைய வைத்தால் ஒரு வாடை வரும். கால் லிட்டர் பாக்கெட் எங்கள் பூத்துக்கு வருவதில்லை. அரை லிட்டர் பாலோடு மூன்று ஸ்பூன் கொக்கோ, நான்கு ஸ்பூன் சர்க்கரை, ஒரு கரண்டி ஐஸ்கிரீம் சேர்த்து அடித்தால் நுரையோடு சரியாக இரண்டு கிளாஸ் வரும். ஒன்றாகவும் வராது, மூன்றாகவும் வராது.

ரம்யா இருந்தவரை அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

சுவரில் கோடு

குடிப்பதைவிட அலங்காரத்தில்தான் ரம்யாவுக்கு உயிர். நான் கேலி செய்வேன். "வயித்துக்குள்ள போற சாமானுக்கு எதுக்குட்டி பொட்டும் பூவும்?" என்பேன். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

கிளாஸை அரை மணி நேரமாவது ப்ரீசரில் வைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் துடைக்கக் கூடாது. ஒரு கையால் கிளாஸைச் சாய்த்துச் சுற்றிக்கொண்டே, மறு கையால் சாக்லேட் சாஸ் பாட்டிலை அமுக்கி உள்சுவரில் கோடு இழுக்க வேண்டும். கிளாஸ் குளிர்ந்திருந்தால் கோடு இழுத்த இடத்திலேயே நிற்கும். குளிராமல் இருந்தால் வழிந்து அடியில் போய்ச் சேறாகத் தேங்கிவிடும். அதன்பிறகு ஷேக்கைச் சுவரில் படாமல் நடுவில் ஊற்ற வேண்டும். மேலே சாக்லேட்டைச் சீவிப் போட்டு, உடைத்த முந்திரி தூவி, ஒரு செர்ரி. ரம்யா எங்கிருந்தோ காகிதத்தில் செய்த குட்டிக் குடைகள் வாங்கி வந்திருந்தாள். அவற்றைக் கழுவ முடியாது, ஆனால் நான் துடைத்துத் துடைத்துத் திரும்ப வைப்பேன்.

முதலில் என் கோடுகள் வளையவே இல்லை. முப்பது வருடம் தபால் செக்‌ஷனில் கடிதங்களுக்கு நம்பர் போட்ட கை இது, நேர்க்கோடுதான் வரும். அவள்தான் வளைவு போடக் கற்றுக்கொடுத்தாள். மூன்றாம் வருடம் என் கோடு அவளுடையதைவிட நன்றாக இருந்தது. அவளே ஒத்துக்கொண்டாள்.

படிப்பு முடிந்தது, கல்யாணம் ஆனது, பெங்களூருக்குப் போய்விட்டாள். போன மறுநாளும் நான்கு மணி வந்தது. ப்ரீசரில் பாக்கெட் இருந்தது. நான் இரண்டு கிளாஸ் செய்தேன். ஒன்று செய்ய முடியாதே!

டீச்சர் பிறந்த கதை

இப்படியே ஒரு வருடம் போனது. ஒருநாள் அலங்காரம் எனக்கே பிடித்துப்போய், போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டேன். ரம்யா ஒரு இதயம் அனுப்பினாள். சொர்ணம் மட்டும் கேட்டாள்: "ரெண்டாவது யாருக்குக்கா?"

எனக்கு முகத்தில் அடித்ததுபோல் இருந்தது. 'ரெண்டும் எனக்குத்தான்' என்று எழுதலாம். எழுதினால் உடனே போன் வரும். 'பாவம், தனியா இருந்து ரெண்டு கிளாஸையும் குடிக்கா' என்று அவள் வீட்டில் பேச்சாகும். விரல் தானாகவே எழுதிவிட்டது: "கீழ் வீட்டு டீச்சருக்கு."

ரம்யா போன கையோடு கீழ் வீட்டுக்காரர்களும் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள். அதிலிருந்து அங்கே ஒரு பூட்டுதான் குடியிருக்கிறது.

ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு விட்டுவிட்டால் பரவாயில்லை. அதற்குத் தினமும் சோறு போட வேண்டியிருந்தது. டீச்சருக்குப் பெயர் வேண்டும் என்றாள் சொர்ணம், லலிதா என்றேன். என்ன பாடம் என்றாள், மலையாளம் என்றேன். மகன் மஸ்கட்டில் என்றேன். கொத்தமல்லி வாசனை ஆகாது என்றேன். ஒரு மழை நாளில் வேறு எதுவும் தோன்றாமல், டீச்சருக்கு இடது முட்டில் வலி என்றும் சொல்லித் தொலைத்தேன்.

அடுத்த வாரம் நாகர்கோவிலிலிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே வைத்தியர் கடைத் தைலம் ஒரு பாட்டில். "டீச்சருக்கு சூடு பண்ணித் தேய்க்கச் சொல்லு" என்று சொர்ணம் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியிருந்தாள். அந்தத் தைலத்தை நானே என் முட்டில் தேய்த்துக்கொண்டேன். தேய்க்கும்போது சிரிப்பு வந்தது. அதற்கப்புறம் சிரிப்பு நின்றுபோய் வெறுமனே தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மாடி ரூம்

நான் ஏன் இவ்வளவு பாடுபட்டேன் என்று கேட்பீர்கள். காரணம் மாடி ரூம்.

ரம்யா போன பிறகு சொர்ணம் தன் வீட்டு மாடியில் எனக்காக ஒரு ரூம் கட்டினாள். ஒட்டினாற்போல் பாத்ரூம், ஜன்னலைத் திறந்தால் தென்னை. "ஃபிளாட்டக் குடுத்துட்டு இங்க வந்துரு எக்கா. வயசான காலத்துல ஒத்தைக்கு எதுக்கு அங்க கெடக்க?" என்பாள். போனில் எந்தப் பேச்சு எடுத்தாலும் கடைசியில் 'வந்துருக்கா' என்றுதான் முடிப்பாள்.

எனக்குப் போக இஷ்டமில்லை. இந்த ஃபிளாட் பெரிய மாளிகை ஒன்றும் இல்லை. மழைக்காலத்தில் குளியலறைச் சுவர் வேர்க்கும். ஆனால் இங்கே நான் எப்போது எழுந்தாலும், எதைத் தின்றாலும், எந்த விளக்கை அணைக்காமல் விட்டாலும் ஏன் என்று கேட்க ஆள் இல்லை. ஏன் என்று கேட்க ஆள் இல்லையே என்று அழுததும் இதே வீட்டில்தான். இரண்டும் உண்மை.

லலிதா டீச்சர் வந்தபிறகு 'வந்துருக்கா' குறைந்தது. "சரி, தொணைக்கு ஒரு ஆளிருக்குல்லா" என்று சொர்ணமே சொன்னாள். டீச்சர் இருக்கும்வரை நான் இந்த வீட்டில் இருக்கலாம். டீச்சர் இல்லை என்று தெரிந்தால், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஆகவே தினமும் இரண்டு கிளாஸ், தினமும் ஒரு போட்டோ. வீணாக்க மனம் வராமல் இரண்டையும் நானே குடித்தேன். ஏழாவது மாதம் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எகிறிவிட்டது. "இனிப்பு நிறைய சாப்பிடுவீங்களா?" என்று டாக்டர் கேட்டபோது, இல்லை என்று அவரிடமும் பொய் சொன்னேன்.

அதற்குப் பிறகு குடிப்பதை நிறுத்தினேன். செய்வதை நிறுத்தவில்லை. கிளாஸைக் குளிர வைத்து, கோடு இழுத்து, செர்ரி வைத்து, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, இரண்டையும் சிங்க்கில் கொட்டினேன். நுரை சீக்கிரம் போய்விடும். செர்ரி மட்டும் சல்லடையில் தங்கி நிற்கும். அதைக் கையால் எடுத்துக் குப்பையில் போடுவேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படும் காரியங்களில் அந்தச் செர்ரிகளுக்கு முதலிடம்.

கிரில் கதவுக்கு வெளியே

இந்த நகரத்தில் பிளாஸ்டிக்கைக் குப்பையில் போட முடியாது. பால் கவரைக் கழுவி, காயவைத்து, மாதம் ஒருமுறை பச்சைக் கோட்டு போட்டுச் சாக்கோடு வரும் பெண்களிடம் கொடுக்க வேண்டும். எங்கள் கட்டிடத்துக்கு வருபவளுக்கு ஐம்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, மூச்சு வாங்க மாடியேறி வருவாள்.

"பிளாஸ்டிக் உண்டோ சேச்சி?" என்று மலையாளத்தில் கேட்பாள். "உண்டு, நில்லு" என்று நானும் மலையாளத்தில் சொல்லிவிட்டு, கிரில் கதவின் இடைவெளி வழியே பையை நீட்டுவேன். நான்கு வருடமாக இவ்வளவுதான் பேச்சு. ஒருமுறை காலி சாஸ் பாட்டில்களைப் பார்த்து, வீட்டில் பேரப்பிள்ளைகள் உண்டா என்று கேட்டாள். உண்டு என்றேன். பொய் அப்போதெல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு.

அந்த வியாழக்கிழமை அவள் சாக்கோடு வாசலில் நிற்கும்போதுதான் சொர்ணத்தின் போன் வந்தது. சனிக்கிழமை வருகிறாளாம். டீச்சரைப் பார்க்க வேண்டுமாம், புதுத் தைலம் ஒன்று வாங்கியிருக்கிறாளாம். "வா, வா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக் கத்தினேன். "சவத்து டீச்சர்! இல்லாத ஆள எங்கேருந்து கொண்டாருவேன்?"

கிரிலுக்கு வெளியே சிரிப்புச் சத்தம். "சேச்சி தமிழா?"

தமிழில்தான் கேட்டாள்.

"நீயும் தமிழா?"

"போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட் லயத்து வீட்டுல பொறந்தவ சேச்சி. எங்க தாத்தா காலத்துல தென்காசிப் பக்கத்திலேருந்து மலைக்கு ஏறுனவங்க. நான் கல்யாணமாகி இங்க எறங்கிட்டேன். பேரு தங்கம்."

நான்கு வருடம் இரண்டு தமிழச்சிகள் ஒரு கிரிலின் இருபுறமும் நின்று மலையாளம் பேசியிருக்கிறோம். பெயரைக்கூட நான் கேட்டதில்லை.

எனக்கு அன்று புத்தி மழுங்கியிருந்தது. எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். கடைசியில், "சனிக்கிழமை ஒரு மணி நேரம் நீ டீச்சரா வந்து உக்காருவியா?" என்று கேட்டும்விட்டேன்.

"அய்யோ சேச்சி, நான் அஞ்சாங் கிளாசு!"

"மலையாளம் மட்டும் பேசு. என் தங்கச்சிக்கு மலையாளம் அரைகொறதான்."

அவள் சாக்கைக் கீழே வைத்து யோசித்தாள். "வாறேன். வேற ஒண்ணுக்குமில்ல கேட்டோ, அந்தப் பாட்டில்ல உள்ளது என்ன ருசின்னு ரொம்ப நாளா எனக்கொரு ஆசை."

சனிக்கிழமைக்குத் திரும்புகிறேன்

நான்கு மணிக்கு மணியடித்தது. தங்கம் நீலக் கரை போட்ட சேலை கட்டி, தலை வாரி, ஒரு பழைய கைக்கடிகாரமும் கட்டி வந்திருந்தாள். கடிகாரம் ஓடவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். டீச்சர் என்றால் கடிகாரம் கட்டுவார்கள் என்று அவளாகவே யோசித்திருக்கிறாள்.

சொர்ணம் எழுந்து நின்று கும்பிட்டாள். தன் நாகர்கோவில் மலையாளத்தில், "டீச்சர் இரிக்கணும், இரிக்கணும்" என்றாள்.

தங்கம் சோபாவைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். உட்காரலாமா என்று கண்ணால் கேட்டாள். நான் தலையாட்டிய பிறகுதான் விளிம்பில் உட்கார்ந்தாள். நான்கு வருடத்தில் அவள் என் வீட்டுக்குள் கால் வைத்தது அன்றுதான். அதுவும் இன்னொருத்தியின் பெயரில்.

நான் சமையலறைக்குப் போய்க் கிளாஸ்களை எடுத்தேன். கோடுகள் நன்றாகவே வந்தன. ரம்யா போன பிறகு அந்தப் பாக்கெட்டின் இரண்டு கிளாசுக்கும் ஆள் இருந்த முதல் நாள் அது. எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தேன்.

சொர்ணம் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பையிலிருந்து தைலப் பாட்டிலை எடுத்தாள். மூடி கசியாமலிருக்க அதைத் துணியில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். இரண்டு கையாலும் நீட்டி, "எக்காவ நீங்க பாத்துக்கிடுதது எனக்கு எவ்வளவு ஆறுதல்னு எப்படிச் சொல்லுவேன் டீச்சர்" என்றாள். மலையாளம் மறந்து தமிழிலேயே சொன்னாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

தங்கம் பாட்டிலை வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் என்னைப் பார்த்தாள்.

என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "இவ டீச்சர் இல்லட்டி" என்றேன்.

"பின்ன?"

"டீச்சர்னு யாருமே கெடையாது. நான் சும்மா சொன்னேன்."

சொர்ணம் என்னைப் பார்க்காமல் தங்கத்தைப் பார்த்தாள். "அப்ப நீங்க?"

"தங்கம். பிளாஸ்டிக் எடுக்க வாறவ." தங்கம் எழுந்துகொள்ளப் போனாள். என்ன நினைத்தாளோ, திரும்ப உட்கார்ந்தாள். இந்த முறை நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். கிளாஸை எடுத்து, நிதானமாகக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். செர்ரியையும் தின்று விதையைக் கையில் வைத்துக்கொண்டாள்.

"நல்லாருக்கு சேச்சி. மதுரம் கொஞ்சம் கூடுதல்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

சொர்ணம் அவளை வாசலில் நிறுத்தினாள். "ஒங்களுக்கு முட்டுவலி உண்டா?"

"தெனமும் எத்தன மாடி ஏறுறேன்! ரெண்டு கால்லயும் உண்டு."

சொர்ணம் தைலத்தை அவள் கையில் வைத்து அழுத்தினாள். தங்கம் போனாள்.

ஒரு கேள்வி

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். சொர்ணம் தன் கிளாஸைத் தொடவே இல்லை. நுரை அடங்கி, கோடுகள் கரைந்து, வெறும் பழுப்புப் பாலாக அது நின்றது.

"ரெண்டாவது கிளாஸ யாரு குடிச்சா இத்தன நாளும்?"

"நாந்தான். சுகர் வந்ததுக்கப்புறம் சிங்க்ல கொட்டுனேன்."

"ஒனக்கு சுகரா?"

"ம்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. குரல் மிகவும் சின்னதாக வந்தது. "எங்கிட்ட வந்து இருக்கதுக்கு அவ்வளவு சடவாக்கா ஒனக்கு? இல்லாத ஒருத்திய உண்டாக்குத அளவுக்கு?"

இதற்கு நான் இரண்டு வருடமாகப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். ஃபிளாட், சாமான், பென்ஷன், டாக்டர் என்று. அன்றைக்கு வாயில் வந்தது அது எதுவும் இல்லை.

"ஒன் வீட்டுல எனக்கு எல்லாம் கெடைக்கும்ட்டி. ஆனா ஒன் ப்ரிட்ஜ நான் கேட்டுட்டுத்தான் தொறக்கணும்."

சொர்ணம் எழுந்தாள். கிளாஸை எடுத்துப் போய்ச் சிங்க்கில் கொட்டி, தானே கழுவி, கவிழ்த்து வைத்தாள். மாலை வண்டிக்கே கிளம்பிவிட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "இனி கூப்பிட மாட்டேன்க்கா."

நான் ஜெயித்துவிட்டேன். பெட்டியைக் கட்ட வேண்டாம். மாடி ரூம் கிடையாது. அன்று இரவு நன்றாகத் தூங்குவேன் என்று நினைத்தேன்.

ஜெயித்த பிறகு

போன் வரவில்லை. குடும்ப குரூப்பில் சொர்ணத்தின் வீட்டுக்காரர் தினமும் காலையில் ஒரு ரோஜாப்பூ போடுவார், அது மட்டும் வந்தது. நான் ஷேக் செய்வதை நிறுத்திவிட்டேன். ப்ரீசரில் பாக்கெட் இல்லாத இடத்தில் கருவேப்பிலை டப்பாவை வைத்தேன். நான்கு மணி மட்டும் தவறாமல் வந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல், துவைத்த துணியை மறுபடி மடிப்பேன்.

அடுத்த மாதம் தங்கம் வந்தாள். பையைத் தூக்கிப் பார்த்தாள். "கவர் கொறவா இருக்கே. தங்கச்சி விளிச்சாங்களா?"

"இல்ல. உள்ள வா தங்கம், இரி. காப்பி போடுறேன்." கிரிலை முழுவதுமாகத் திறந்துதான் சொன்னேன்.

"இன்னும் மூணு பில்டிங் இருக்கு சேச்சி. ஒரு நாள் சாவகாசமா வாறேன்" என்று சிரித்தாள். அது சாக்கு இல்லை, அவளுக்கு வேலை இருந்தது. எனக்குத் தேவைப்பட்ட நேரத்தில் எல்லோரும் சோபாவில் வந்து உட்கார வேண்டும் என்றால் எப்படி? படியில் அவள் இறங்கும் சத்தம் தேய்ந்து போகும்வரை கிரிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான்கு மணிக்குக் கொஞ்சம் பிந்தி, போனில் ஒரு போட்டோ வந்தது. குரூப்பில் இல்லை, எனக்கு மட்டும். சொர்ணம் அனுப்பியிருந்தாள்.

அவள் வீட்டுச் சமையல் மேடை. இரண்டு கிளாஸ் சாக்லேட் ஷேக். கிளாஸைக் குளிர வைக்காமல் சாஸை ஊற்றியிருக்கிறாள், கோடெல்லாம் வழிந்து அடியில் தேங்கிக் கிடந்தது. செர்ரிக்குப் பதில் மாதுளை முத்து. குடைக்குப் பதில், பல் குத்தும் குச்சியில் ஒரு துளசி இலை. பார்க்கச் சகிக்கவில்லை. நான் போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் வீட்டுக்காரருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. மாலையானால் கூட்டாளிகளோடு சீட்டாடப் போய்விடுவார். ரம்யா பெங்களூரில். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஒன்றாகச் சேர்த்து யோசித்ததில்லை.

எழுதினேன்: "ரெண்டாவது யாருக்குட்டி?"

அவள் எழுதுகிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. இவ்வளவு நேரம் எழுதியவள் அனுப்பியது இரண்டே சொல்.

"யாருக்கும் இல்லக்கா."

முப்பது வருடம் தபால் செக்‌ஷனில் இருந்தவள் நான். எந்தக் கடிதம் யாருக்குப் போக வேண்டும் என்று உறையைப் பார்த்தே சொல்வேன், ஒன்றைக்கூட இடம் மாற்றி அனுப்பியதில்லை. என் தங்கை இரண்டு வருடமாகப் போனில் சொன்ன ஒரே ஒரு சொல்லைத் தப்பாகப் படித்திருக்கிறேன். 'வந்துருக்கா' என்றபோதெல்லாம் என்மேல் இரக்கப்படுகிறாள் என்றே எடுத்துக்கொண்டேன். அந்த வீட்டில் அவளுக்கு ஆள் வேண்டியிருந்தது என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

போன் போட்டேன். எடுத்தாள். 

"கிளாஸ ப்ரீசர்ல வச்சியா?" என்று கேட்டேன்.

"இல்ல. வைக்கணுமா?"

"வைக்காட்டி கோடு நிக்காதுட்டி."

"ஓகோ."

 அவள் பக்கம் சுவர்க் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் கடிகாரச் சத்தம் கேட்கும் அளவுக்கு அமைதி இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

"எக்கா" என்றாள். "இந்த ரெண்டாவது கிளாஸ இப்ப என்ன செய்ய?"

அந்தக் கேள்விக்கு விடை எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று மாதம் தினமும் செய்திருக்கிறேன். சல்லடையில் நிற்கும் செர்ரி கண்முன் வந்தது.

"கொட்டிராத. அப்படியே ப்ரீசர்ல வை. காலைல மொத வண்டிக்கு வாறேன்."

"ஒனக்கு சுகருல்லா?"

"ஒரு வாய் குடிச்சா செத்துர மாட்டேன்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுதாளா சிரித்தாளா தெரியாது.

"நான் கோயிலுக்குப் போனாலும் போயிருப்பேன்க்கா. சாவி பூந்தொட்டிக்கு அடியில இருக்கும்" என்றாள். பிறகு, போனை வைப்பதற்கு முன், கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "ப்ரிட்ஜ கேக்காம தொறந்துக்கோ."